மேல்மலை வீடுகளில் தங்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானல் ஏரி, கோக்கர்ஸ் வாக், படகுச் சவாரி எதுவும் இதில் வராது. நான் எழுதுவது அதற்கும் அப்பால், பூம்பாறை வழியாகப் போய் மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று விரிகிற மேல்மலையைப் பற்றி. அங்கே பூண்டு வயலுக்கும் கேரட் வயலுக்கும் நடுவில் வீடு கட்டிக்கொண்டு, ஒன்றிரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தகரக் கூரை, விறகடுப்பு, வாசலில் ஒரு நாய். மெனு கிடையாது, கூப்பிட்டால் ஓடி வர ஆள் கிடையாது. வீட்டுக்காரர் என்று ஒருவர் இருப்பார், அவருக்கென்று ஒரு போக்கு இருக்கும். ஒருத்தர் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு விளக்கும் எரியக் கூடாது என்பார். இன்னொருத்தர் நீங்கள் வாசலுக்கு வந்ததும் வாங்க என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் காலைக் குனிந்து பார்ப்பார். ஒரு அம்மா, முதல் வேளை நீங்கள் தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேளைக்கு உலை வைப்பார்.

இவர்களோடு வாக்குவாதம் செய்துவிட்டுப் பாதியில் கிளம்பியவர்களையும் எனக்குத் தெரியும், வருஷா வருஷம் அதே வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பவர்களையும் தெரியும். இரண்டு பேருக்கும் கிடைத்தது அதே அறை, அதே வெந்நீர், அதே குழம்பு. நான் பார்த்தவரை, வீட்டுக்காரரின் கிறுக்கு என்று நாம் நினைப்பதில் முக்கால்வாசிக்குப் பின்னால் தண்ணீரோ விறகோ காட்டுமாடோ இருக்கும். காரணம் புரிந்துவிட்டால் அது வீட்டுச் சட்டம், அவ்வளவுதான். மீதி கால்வாசி அவருடைய சொந்தச் சரக்கு. அதற்காகத்தான் அங்கே போவதே.

முதலில் உங்களோடு வருகிறவர்களைக் கேளுங்கள்

இடம் தேடுவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. கழிப்பறை வெளியே இருந்தால் பரவாயில்லையா? போன் எடுக்காவிட்டால் தாங்குமா? ஒரே நேரத்தில் எல்லோரும் சாப்பிட வேண்டும் என்றால் சரியா? கூட வருகிறவர்களில் ஒருத்தருக்கு இதில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் மொத்தப் பயணமும் அவரைச் சமாதானம் செய்வதிலேயே போய்விடும். முழங்கால் வலி இருக்கும் பெரியவர்களைக் கூட்டிப் போனால் சரிவில் இறங்கி ஏற வேண்டிய வீட்டைத் தவிர்த்துவிடுங்கள், மேல்மலையில் முக்கால்வாசி வீடுகள் ரோட்டுக்குக் கீழேயோ மேலேயோதான் இருக்கும். கைக்குழந்தை இருந்தால் டிசம்பர், ஜனவரி வேண்டாம்.

எந்த மாதம் என்பது நீங்கள் எதைப் பார்க்க நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏப்ரல், மே மாதங்களில் குளிர் இதமாக இருக்கும், ஆனால் கூட்டமும் அப்போதுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை, சில நாள் முழுக்க மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், மண் சரிந்து ரோடு அடைபடுவதும் உண்டு. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க வானம் தெளிவாக இருக்கும், விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், கையை வெளியே நீட்ட முடியாது. எனக்குப் பிடித்தது பிப்ரவரி. கூட்டம் இல்லை, வீட்டுக்காரர்களுக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். குறிஞ்சி பார்க்கத்தான் போவேன் என்றால் 2030 வரை பொறுக்க வேண்டும், 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018இல் பூத்தது.

போனில் பேசுவதுதான் பாதி வேலை

படத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். படம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், மூடுபனி, மர நாற்காலி, ஒரு கப் காபி. வீட்டுக்காரரிடம் நேராகப் பேச வேண்டும், நடுவில் இருக்கும் ஏஜென்ட்டிடம் இல்லை. சாயந்தரம் ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் தோட்டத்தில் இருப்பார்கள், சிக்னலும் இருக்காது.

கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் ரோடு எப்படி, சின்ன கார் இறங்குமா, இல்லை மேலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டுமா, ஜீப் அனுப்புவீர்களா. கழிப்பறை அறைக்குள்ளா வெளியிலா. வெந்நீர் எந்த நேரத்தில். சாப்பாடு வாடகையில் சேர்ந்ததா தனியா. எந்த நெட்வொர்க் எடுக்கும் (இந்தப் பக்கம் பல இடங்களில் பி.எஸ்.என்.எல். மட்டும்தான்). தங்க விடுவதற்கு முறையான அனுமதி இருக்கிறதா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். கொடைக்கானலில் அனுமதி இல்லாத கட்டடங்களுக்கு சீல் வைத்த கதை உண்டு, நீங்கள் போய் இறங்கும்போது பூட்டிய கதவைப் பார்க்கக் கூடாது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர்களோடு போகிறீர்கள் என்றால் அதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், சின்ன வீடுகள் பலவற்றில் அதற்கு வசதி இருக்காது.

அதைவிட முக்கியம், அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனிப்பது. ஒரு பெரியவர் போனை எடுத்ததும் கேட்டது இது: "தம்பி, எத்தன பேரு? பாட்டுப்பெட்டி கொண்டு வருவீகளா? நாய்க்குப் பயப்படுற ஆளு யாரும் உண்டா? ராத்திரி எத்தன மணிக்குத் தூங்குவீக?" வாடகை எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, "அது கெடக்கட்டும், மொத இதுக்குப் பதிலச் சொல்லுங்க" என்றார். பலருக்கு இந்த இடத்தில் எரிச்சல் வரும், பணம் தருகிறவனை இப்படிக் கேள்வி கேட்கிறாரே என்று. எனக்கு நம்பிக்கை வந்தது இங்கேதான். இப்படிக் கேட்கிற ஆள் தன் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பதில் அக்கறை உள்ளவர், பக்கத்து அறையில் விடிய விடியக் குடித்துக் கூத்தடிக்கும் கூட்டத்தைச் சேர்த்திருக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் "வாங்க சார், எல்லாம் பண்ணிக்கலாம் சார்" என்று சொல்கிற இடம் எனக்கு வேண்டாம்.

உண்மையைச் சொல்லுங்கள். நான்கு பேர் என்று சொல்லிவிட்டு ஆறு பேராகப் போய் நிற்பது அங்கே நடக்காது, உலை நாலு பேருக்குத்தான் வைத்திருப்பார்கள், அடுத்த கடை பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். குடிப்பழக்கம், சைவமா அசைவமா, குறட்டை, மருந்து, எல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. முன்பணம் கேட்டால் கொஞ்சம் அனுப்பி வையுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை கூப்பிட்டு எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்று சொல்லுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய துணிகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுவது நல்லது, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், நிழலுக்குப் போனதும் நடுங்கும். காதை மூட குல்லாய், படுக்கும்போது போட உலர்ந்த காலுறை ஒரு ஜோடி தனியாக. டார்ச் லைட் ஆளுக்கு ஒன்று, போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உங்கள் மருந்துகள், ஒரு பாக்கெட் தூள் உப்பு (ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு), மடக்குக் குடை வேண்டாம், காற்றில் திரும்பிக்கொள்ளும், மழைக் கோட்டுதான். பணத்தை ரொக்கமாக கொடைக்கானல் நகரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். போனில் பணம் அனுப்பும் வசதி வீட்டுக்காரரிடம் இருக்கும், சிக்னல் இருக்காது.

தண்ணீர் பாட்டில் எவர்சில்வர் ஆகட்டும். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கு கொடைக்கானலில் தடை இருக்கிறது, சோதனையில் பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் கட்ட வேண்டும். சட்டத்தை விடுங்கள், மேல்மலையில் குப்பை வண்டி வராத வீடுகள் எத்தனையோ. நீங்கள் விட்டுவிட்டு வருகிற ஒவ்வொரு கவரையும் அந்தக் குடும்பம் எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும், இல்லையென்றால் காட்டுமாடு தின்னும். நீங்கள் கொண்டுபோன பிளாஸ்டிக்கை நீங்களே திரும்பக் கொண்டுவர ஒரு பை எடுத்துப் போங்கள்.

கையில் ஏதாவது வாங்கிப் போக வேண்டுமா? வேண்டும். கீழேயிருந்து நல்ல வெற்றிலை, கருவேப்பிலை, முருங்கைக்காய், தேங்காய், இவையெல்லாம் அந்த உயரத்தில் விளையாது. ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொடுத்ததும் ஒரு அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தால் அலமாரியில் போய்விடும்.

மலையேறுவது

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. அரசு தளத்தில் வண்டி எண்ணும் ஆட்களின் எண்ணிக்கையும் கொடுத்தால் கிடைத்துவிடும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைக்கிறார்கள், அதனால் முன்கூட்டியே எடுங்கள். அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் தேவையில்லை.

ரயிலில் வருகிறவர்கள் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் அங்கிருந்து மலைக்கு சுமார் 80 கிலோமீட்டர், வத்தலகுண்டு வழி. இன்னொரு வழி பழனியிலிருந்து. வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், முதல் வளைவில் போட்டுப் பயனில்லை. கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை பக்கம் பேருந்து உண்டு, ஆனால் நாளுக்குச் சில நடைதான், கடைசி வண்டி எப்போது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர், மன்னவனூர் 35 இருக்கும். தூரம் குறைவுதான், நேரம் குறைவில்லை. எப்படியும் நாலு மணிக்குள் வீடு போய்ச் சேருங்கள். மேப்பை நம்பித் தோட்டத்துப் பாதையில் இறக்கிவிட்டால் வண்டியைத் திருப்ப இடம் இருக்காது. கடைசித் திருப்பத்துக்கு அடையாளமாக அவர் சொல்லும் தண்ணீர்த் தொட்டியும் மாரியம்மன் கோயிலும்தான் சரியான வழி.

முதல் ஒரு மணி நேரம்

போய் இறங்கியதும் அறை எங்கே, சார்ஜர் எங்கே, வைஃபை உண்டா என்று ஆரம்பிக்காதீர்கள். பையை வாசலில் வைத்துவிட்டு நில்லுங்கள். நாய் வந்து மோந்து பார்க்கட்டும். காலைக் குனிந்து பார்க்கிறாரே என்று சொன்னேன் அல்லவா, அவர் தேடுவது அட்டை. ஈரப் புல் வழியாக நடந்து வந்தவர்கள் காலில் ஒட்டிக்கொண்டு வரும், வீட்டுக்குள் ஜமுக்காளத்தில் விழுந்தால் ராத்திரி யாரையாவது கடிக்கும். அதனால் காலைக் காட்டுங்கள், செருப்பை அவர் சொல்லும் இடத்தில் விடுங்கள்.

அப்புறம் அவர் கொடுக்கிற டீயைக் குடியுங்கள். குடித்து முடித்ததும் நீங்களே கேளுங்கள்: "அய்யா, வீட்டுல நாங்க என்னெல்லாம் பாத்து நடந்துக்கணும்?" இந்த ஒரு கேள்வி போதும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தக் கதவை இரவில் தாழ் போட வேண்டும், எந்த மரத்தடிக்குப் போகக் கூடாது என்று அவரே எழுந்து சுற்றிக் காட்டுவார். பெரியவர்களை அய்யா, அம்மா என்றும் நம் வயதுக்காரர்களை அண்ணே, அக்கா என்றும் கூப்பிடுங்கள். "ஹலோ பாஸ்" வேண்டாம்.

அவர்கள் ஏன் அப்படி இருக்கிறார்கள்

வெந்நீரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சண்டை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். பல வீடுகளில் விறகு பாய்லர். நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர், பக்கத்தில் ஒரு குழாய். அந்தக் குழாயைத் திறந்தால் சும்மா வெந்நீர் வராது. மேலே இருக்கும் புனலில் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அது அடியில் போய் சூடான தண்ணீரை மேலே தள்ளும், அப்போதுதான் ஒரு குடம் வெந்நீர் குழாய் வழியாக வரும். ஊற்றுகிற அளவுக்குத்தான் கிடைக்கும். அவசரப்பட்டு இரண்டு மூன்று குடம் அடுத்தடுத்து ஊற்றினால் எல்லாம் வெதுவெதுப்பாகிவிடும், பின்னால் வருகிறவருக்குக் குளிர்ந்த தண்ணீர்தான், மறுபடி சூடாக இன்னும் விறகு வேண்டும், அந்த விறகை யாரோ தலையில் சுமந்து கொண்டுவந்திருக்கிறார்கள். "ஆளுக்கு ஒரு வாளி, ஆறரையிலேருந்து எட்டுக்குள்ள" என்று அந்த அம்மா கறாராகச் சொல்வதற்கு இதுதான் காரணம். எனக்கு அந்த பாய்லர் முன்னால் காலையில் குந்தி உட்கார்ந்துகொண்டு சீகைக் கட்டை எரிவதைப் பார்ப்பது குளிப்பதைவிடப் பிடிக்கும். விறகு தள்ளட்டுமா என்று கேட்டால் தள்ளச் சொல்வார்கள், பேச்சும் அங்கே தானாக வரும்.

ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கச் சொன்னவரின் தோட்டத்தைச் சுற்றி சூரிய மின்வேலி. பகலில் ஏறிய பேட்டரியில்தான் ராத்திரி முழுக்க அந்த வேலி ஓட வேண்டும், அதே பேட்டரியில்தான் கரண்ட் போனபின் விளக்கும் எரிகிறது. நாம் பத்தரை வரை லூடோ விளையாடினால் விடியற்காலை மூணு மணிக்கு வேலி செத்துப் போகும், காட்டுப்பன்றி உருளைக்கிழங்கு வயலை உழுதுவிட்டுப் போய்விடும். நாலு மாத உழைப்பு. அவர் இதை விளக்கமாட்டார். சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்.

சோறு மிச்சம் வைப்பதைப் பார்க்கிற அம்மா விஷயம் எளிது, அரிசி கீழேயிருந்து வருகிறது. கூடவே சமைப்பதற்கே நேரம் பிடிக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் சோறும் பருப்பும் வேக கீழே ஆவதைவிட நேரம் ஆகும், விறகும் கூடச் செலவாகும். எட்டு மணிக்குச் சாப்பாடு என்று சொன்னால் எட்டு மணிக்கு உட்காருங்கள். ஒன்பதரைக்குச் சூடு பண்ணித் தாருங்கள் என்று கேட்பது அடுப்பை மறுபடி பற்றவைக்கச் சொல்வது.

இனி, ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கால்வாசி, அவர்களுடைய சொந்தச் சரக்கு. இதற்குக் காரணம் கேட்காதீர்கள், ஏற்றுக்கொள்ளுங்கள். சென்னையில் பெரிய வேலையை விட்டுவிட்டு வந்து குடியேறிய ஒருவர் சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது என்பார், சாப்பிட்டு முடித்ததும் இரண்டு மணி நேரம் அவரே பேசுவார், மண்புழுவைப் பற்றி. ஒரு பாட்டி ஒவ்வொரு விருந்தினருக்கும் தன் பசுவை அறிமுகம் செய்து வைத்த பிறகுதான் பால் ஊற்றுவார், பசுவிடம் உங்கள் பெயரையும் ஊரையும் சொல்வார், நீங்களும் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் காலையில் எல்லோரையும் கூட்டிப் போய் மழைமானியைப் படிக்கச் சொல்வார், நோட்டில் நீங்களே மில்லிமீட்டரை எழுத வேண்டும், கீழே கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டில் வருஷக் கணக்காக மழையும், தங்கிப் போனவர்களின் கையெழுத்தும் பக்கம் பக்கமாக இருக்கிறது. இதையெல்லாம் வீடியோ எடுத்து வேடிக்கையாகப் போடுவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். எடுக்கட்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் போனைப் பையில் போடுங்கள்.

ஒரு எல்லை மட்டும் உண்டு. அறைக்கு உள்பக்கத் தாழ் இல்லை, தனியாகப் போயிருக்கும் பெண்ணிடம் வீட்டுக்காரரின் பேச்சோ நடத்தையோ சரியில்லை, குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுகிறார் என்றால் அது விசித்திர குணம் கிடையாது, அத்துமீறல். அன்றைக்கே கிளம்புங்கள். அதற்காகத்தான் போகும்போதே பக்கத்து ஊரில் இன்னொரு இடத்தின் நம்பரும் ஒரு ஜீப்காரர் நம்பரும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா, இரவில் யார் யார் தங்குவார்கள் என்று முதல் போனிலேயே கேட்பதும் தப்பில்லை.

சாப்பாடு

என்ன கிடைக்கிறதோ அது. அதில்தான் ருசி. மலைப்பூண்டுக் குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, காரமும் மணமும் தூக்கல். அடுப்புக்கு மேலே பரணில் கொத்துக் கொத்தாகக் கட்டிப் புகை படும்படி தொங்கவிட்டிருப்பார்கள், அதனால் மாதக் கணக்கில் கெடாது. அந்தக் கொத்துக்கு நேர் கீழே அடுப்படியில் உட்கார்ந்து, பூண்டை முழுசு முழுசாகப் போட்டு நல்லெண்ணெய் மிதக்க வைத்த குழம்பைச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டால், வெளியே எவ்வளவு குளிரடித்தாலும் நெற்றியில் வேர்க்கும். பிடுங்கி அரை மணி நேரம் ஆகாத கேரட்டும், மண்ணோடு வந்த உருளைக்கிழங்கை அடுப்புச் சாம்பலில் சுட்டு உப்புத் தொட்டுத் தருவதும் வேறு எங்கேயும் இப்படி இருக்காது. சீசன் பார்த்துப் போனால் மரத்தில் பிளம்ஸ், பேரிக்காய் இருக்கும். கேட்காமல் பறிக்காதீர்கள், அவர்களுக்கு அது வருமானம்.

சமையலறைக்குள் போகலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். விட்டால் வெங்காயம் உரியுங்கள். தட்டை நீங்களே கழுவி வைத்தால் வேண்டாம் வேண்டாம் என்பார்கள், ஆனால் அடுத்த வேளை இன்னொரு கரண்டி குழம்பு விழும்.

ராத்திரி

இந்தப் பகுதியை மட்டும் கூட வருகிற எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

குளிருக்கு வேண்டி கரிச்சட்டியையோ பார்பிக்யூ அடுப்பையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்ளும், தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். கொடைக்கானலிலேயே இப்படி உயிர் போயிருக்கிறது. தழல் அணைந்த மாதிரி தெரிந்தாலும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். வீட்டுக்காரரே அன்பாகக் கொண்டுவந்து வைத்தாலும், "அம்மா, வெளியில வச்சே காய்ஞ்சுக்கிறோம்" என்று சொல்லி வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். குளிருக்கு இன்னொரு கம்பளி கேளுங்கள், வெந்நீரை எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள், காலுறையும் குல்லாயும் போட்டுக்கொண்டு படுங்கள்.

அடுத்தது காட்டுமாடு. சாயந்தரத்துக்கு மேல் தோட்டத்துக்குள் வரும், ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும், சத்தமே இல்லாமல் நிற்கும். வெளியே கழிப்பறை என்றால் கதவைத் திறந்து நின்ற இடத்திலிருந்தே டார்ச்சை மெதுவாகச் சுற்றி அடித்துப் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வையுங்கள், முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். எதிரே பார்த்துவிட்டால் கத்தாதீர்கள், ஓடாதீர்கள், முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு பின்பக்கமாக நகருங்கள். கிட்டப் போய்ப் படம் எடுக்கப் போய் முட்டு வாங்கியவர்கள் உண்டு. நாய் ஒரே திசையைப் பார்த்துக் குரைத்தால் வெளியே போக வேண்டாம்.

பகலில்

வீட்டுக்காரர் காட்டுகிற பாதையில் நடங்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது, போகர் செய்த நவபாஷாண மூர்த்தி என்பது நம்பிக்கை. மன்னவனூரில் வனத்துறை நடத்தும் ஏரிப் பூங்கா, பக்கத்தில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம். இதெல்லாம் அரை நாளில் முடிந்துவிடும். மீதி நேரம் தோட்டத்தில் இருங்கள், பூண்டு கட்டுகிற வேலை நடந்தால் கூட உட்காருங்கள்.

சோலைக்காட்டுக்குள் நீங்களாக இறங்காதீர்கள், காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம், வழி தவறினால் மேகம் இறங்கிய பின் பத்தடி தெரியாது. இந்த மலையின் பழங்குடிகளான பளியர் குடியிருப்புகளுக்குப் போய் ஆட்களைப் படம் எடுக்க வேண்டாம், அவர்கள் காட்சிப்பொருள் இல்லை. அட்டை கடித்தால் பிடித்து இழுக்காமல் உப்பைத் தூவுங்கள், தானாக விழும், ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம். அப்புறம் போதைக்காளான். அதைத் தேடி வருகிற கூட்டத்தால் இந்த மக்கள் பட்ட தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. வைத்திருந்தால் போலீஸ் வழக்கு வரும். வீட்டுக்காரரிடம் அதைப் பற்றி விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள், அந்த நிமிஷத்திலிருந்து உங்களை வேறு மாதிரிதான் பார்ப்பார்.

கிளம்பும்போது

கணக்கை முந்தின நாள் ராத்திரியே முடித்துக்கொள்ளுங்கள், காலையில் பால் கறக்கிற நேரத்தில் சில்லறை தேட வைக்காதீர்கள். பேசிய வாடகையில் பேரம் வேண்டாம். சிலர் சாப்பாட்டுக்குப் பணம் சொல்லவே மாட்டார்கள், "நீங்களாப் பாத்துக் குடுங்க" என்பார்கள். அப்படிச் சொன்னால் கொடைக்கானல் ஊருக்குள் ஒரு நல்ல ஓட்டலில் அத்தனை வேளைக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு அதற்குக் குறையாமல் கொடுங்கள். வேலைக்கு ஆள் இருந்தால் அவர் கையில் தனியாக. பூண்டு வாங்குவதானால் அவர்களிடமே, அவர்கள் சொன்ன விலைக்கு வாங்குங்கள், பஜாரில் மலைப்பூண்டு என்று விற்பதெல்லாம் மலைப்பூண்டு இல்லை.

கம்பளியை மடித்து வையுங்கள், குப்பைப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த படங்களில் நல்லதாக நாலைந்தைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள், போனில் அனுப்பினால் அங்கே திறக்காது. ஊருக்கு வந்து இணையத்தில் எழுதினால் அந்த வீட்டின் சட்டங்களை அப்படியே எழுதுங்கள், விளக்கு ஒன்பது மணிக்கு அணையும், ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர், மழைமானியைப் படிக்க வேண்டும் என்று. ஒத்துவராதவர்கள் படித்துவிட்டு வேறு இடம் பார்ப்பார்கள். "அமைதியான இடம், அருமையான சாப்பாடு" என்று மட்டும் எழுதினால் அடுத்த சனிக்கிழமை ஸ்பீக்கரோடு ஒரு வேன் போய் நிற்கும்.